“எத்தனை தரம் போகுது?” என்ற கேள்விக்குள் அடங்காத கரைச்சல்

கேள்வி: வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாண நகரப் பாடசாலை ஒன்றுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் ஆசிரியை நான். வயது 36. ஆறு வருடத்துக்கு முதல் இரத்தமும் சளியுமாய்ப் போகத் தொடங்கியது. மூலம் என்று நினைத்து இரண்டு வருடம் அதற்கே மருந்தெடுத்தேன். பிறகு கமரா விட்டுப் பார்த்து, இடப்பக்கக் குடலில் அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் நாட்பட்ட அழற்சியும் புண்ணும்) என்றார்கள். இப்போது அந்த அழற்சியை அடக்கும் மெசலசின் 400 மி.கி. குளிசை நாளுக்கு ஆறு. கிளினிக்கில் “எத்தனை தரம் போகுது? இரத்தம் போகுதோ?” என்று கேட்பார்கள். “மூண்டு நாலு தரம், இரத்தம் இடைக்கிடை” என்பேன். “நல்லம், அதையே போடுங்கோ” என்று கொப்பியில் எழுதிவிடுவார்கள். ஆனால் நான் விடிய நாலு மணிக்கு எழும்பி மூன்று தரம் போய் முடித்த பிறகுதான் பஸ் ஏறுகிறேன். பள்ளிக்கூடம் விடும்வரை பச்சைத் தண்ணியும் வாயில் வைப்பதில்லை. கலியாண வீடு, செத்தவீடு ஒன்றுக்கும் போவதில்லை. எந்நேரமும் களைப்பு. டொக்டருக்கு விளங்கவில்லையா, நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? பின்பக்கத்தால் வைக்கும் மருந்தும் தந்தார்கள், அதை ஒரு கிழமையில் விட்டுவிட்டேன். மாமி இது சூடு, பேதிக்குக் குடி என்கிறா. கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா?

பதில்: நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. கிளினிக்கில் இருப்பவர் எண்ணுவது ஒன்று, நீங்கள் சுமப்பது வேறொன்று. இரண்டும் ஒரே குடலில் இருந்துதான் வருகின்றன என்பதால், ஒன்றைச் சொன்னால் மற்றதும் விளங்கிவிடும் என்று இரண்டு பக்கத்தாரும் நம்பிவிடுகிறார்கள்.

டொக்டர் ஏன் அந்த இரண்டு கேள்வியை மட்டும் கேட்கிறார் என்பதை முதலில் பாருங்கள். இந்த நோயின் கடுமையை அளக்க உலகம் முழுதும் கூடுதலாகப் பாவிக்கும் மேயோ அளவுகோல் 1987இல் வந்தது. அதில் நாலு விடயம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி: எத்தனை தரம் போகிறது, இரத்தம் எவ்வளவு, கமராவில் குடல் எப்படித் தெரிகிறது, டொக்டரின் மொத்தக் கணிப்பு என்ன. வந்தால் அடக்க முடியாத அந்த அவசரம் அதில் இல்லை. களைப்பும் இல்லை. உங்கள் பதிலை அதில் போட்டுப் பார்ப்போம். எண்ணிக்கையை உங்கள் பழைய வழமையோடுதான் ஒப்பிடுவார்கள். முன்பு நாளுக்கு ஒரு தரம் போனவர் என்றால் மூன்று தரத்துக்கு 1 புள்ளி, நாலு தரத்துக்கு 2. இடைக்கிடை கீறலாய்த் தெரியும் இரத்தத்துக்கு 1. இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஆறு புள்ளிக்கு இரண்டோ மூன்றோதான் வருகிறது. கடதாசியில் அது லேசான நோய். விடிய நாலு மணி, வெறுவயிறு, போகாமல் விட்ட கலியாண வீடுகள் எதற்கும் அந்தக் கடதாசியில் இடம் இல்லை.

இருந்தாலும் அந்தக் கணக்கின்படியே உங்கள் நோய் இன்னும் அடங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அடங்கிவிட்டது என்று சொல்ல இரத்தம் முழுதாய் நிற்கவேண்டும், எண்ணிக்கையும் ஏறக்குறையப் பழைய வழமைக்கு வரவேண்டும். “இடைக்கிடை இரத்தம்” என்ற பதிலுக்கு “நல்லம், அதையே போடுங்கோ” பொருந்தாது. நாளுக்கு 2.4 கிராம் எடுப்பவருக்கு 4.8 கிராம் வரை கூட்ட இடம் இருக்கிறது. ஆறு குளிசையையும் உண்மையில் போடுகிறீர்களா என்றும் யாராவது கேட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மத்தியானக் குளிசையைப் பை திறந்து எடுக்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். மெசலசினை மூன்றாய்ப் பிரித்துத்தான் போடவேண்டும் என்றில்லை. ஒரு நாளுக்குரியதை ஒரே நேரத்தில் போட்டாலும் பலன் குறையாது. டொக்டரிடம் சொல்லி அப்படி மாற்றிக்கொள்ளுங்கள். குளிசையை உடைக்கவோ சப்பவோ கூடாது. மேலே பூசியிருக்கும் உறைதான் மருந்தைப் பெருங்குடல் வரை கொண்டுபோகிறது.

இனி அந்த அவசரம். அது ஏன் வருகிறது என்று தெரிந்தால், விட்டுவிட்ட மருந்தை ஏன் திரும்பத் தொடங்கச் சொல்கிறேன் என்பதும் விளங்கும். மலக்குடல் ஒரு பை. ஆரோக்கியமாக இருக்கும்போது அது விரிந்து கொடுக்கும், மலம் வந்து சேர்ந்தாலும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கும். அழற்சி வந்தால் பை விறைத்துவிடும். ஒரு கரண்டி சளி வந்தாலும் நிரம்பிவிட்டது என்று மூளைக்குச் செய்தி போகும். அதனால்தான் ஓடிப்போய்க் குந்தினால் சிலவேளை கொஞ்சம் இரத்தமும் சளியும் மட்டும் போகிறது, எழும்பினால் திரும்ப முக்குகிறது. இது மனப்பயம் இல்லை. ஆனால் ஒரு முறை வழியில் தவறிப்போனால் அதற்குப் பிறகு பயமும் சேர்ந்துகொள்ளும், அந்தப் பயம் குடலை இன்னும் முடுக்கும்.

அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் அநேகமாக எப்போதும் மலவாசலுக்கு அண்டிய மலக்குடலில் தொடங்கித்தான் மேலே ஏறும். வாயால் போடும் குளிசை மேலிருந்து வரும்போது கடைசி முழத்துக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். அவசரம் பிறக்கும் இடமோ அந்தக் கடைசி முழம். அதனால்தான் குளிசையோடு சேர்த்துப் பின்பக்கத்தாலும் மருந்து தந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் குளிசை மட்டும் போடுவதைவிடக் கூடிய பலன் தரும். ஒரு கிழமையில் விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று எழுதவில்லை. வழமையாக மூன்று காரணம்தான்: வைத்தவுடன் வெளியே வந்துவிட்டது, உடுப்பில் கறை பட்டது, அல்லது வீட்டில் ஒதுங்க இடமில்லை.

வைக்கும் முறையைச் சொல்கிறேன். 1 கிராம் மெசலசின் சப்போசிற்றரி, இரவுக்கு ஒன்று, படுக்கப் போகும்போது. முதலில் கக்கூசுக்குப் போய் வாருங்கள். கையைக் கழுவி, உறையைக் கிழித்து, மருந்தின் நுனியைத் தண்ணீரில் நனையுங்கள். எண்ணெய், வசலின் வேண்டாம். இடப்பக்கமாய்ச் சரிந்து படுத்து, கீழ்க்காலை நீட்டி, மேற்காலை மடக்குங்கள். கூரான முனையை உள்ளே வைத்துச் சுட்டுவிரலின் முதல் இரண்டு கணு போகுமளவு தள்ளுங்கள். வாசலில் இருக்கும் இறுக்கமான வளையத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாமல் விட்டால்தான் திரும்ப வெளியே வரும். வைத்தவுடன் முக்கும் உணர்வு வரும். எழும்பாமல் அப்படியே கிடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தணியும். விடியும்வரை உள்ளே இருந்தால் மிக நல்லது, ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் நின்றாலும் பிழையில்லை. முதல் ஒரு கிழமை புண் கடுமையாய் இருப்பதால் அடக்குவது கஷ்டம். நீங்கள் விட்ட கிழமை அதுதான். கறை உண்மை, துணியில் பட்டால் போகாது. ஒரு பழைய துவாயைக் கீழே விரித்து, பாட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று யாழ்ப்பாணத்து வெயில். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியில் வைத்த சப்போசிற்றரி இளகி வளைந்துவிடும், வைக்கவே முடியாது. பெட்டியில் எழுதியிருக்கும் பாகையைப் பார்த்து, அதற்கேற்பக் குளிரான இடத்தில் வையுங்கள்.

உங்களுக்கு நோய் இடப்பக்கம் முழுதும் இருப்பதால் சப்போசிற்றரி எட்டாத பகுதிக்கு எனிமா (பின்பக்கத்தால் ஏற்றும் திரவ மருந்து) தேவைப்படலாம். அது டொக்டர் தீர்மானிக்க வேண்டியது. அவசரம்தான் பெரிய கரைச்சல் என்று தெரிந்தால்தானே அவரும் தீர்மானிக்கலாம்?

அதைச் சொல்லும் விதத்துக்கு வருவோம். கிளினிக்கில் ஒரு ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம். சுற்றிவர ஆட்கள், போதனா வைத்தியசாலை என்றால் மாணவர்களும் நிற்பார்கள். “அடக்கேலாமல் போகுது” என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அமெரிக்கா, ஐரோப்பா, யப்பானில் இந்நோயாளிகளையும் அவர்களைப் பார்க்கும் மருத்துவர்களையும் தனித்தனியே கேட்டுப் பார்த்த ஆய்விலும், சொல்லக் கூச்சமாய் இருந்தது என்ற பதில் வந்தது. ஆக இது எங்கள் ஊர்க் கூச்சம் மட்டும் இல்லை. வாயால் சொல்ல வராததை எழுதிக் கொடுக்கலாம்.

கிளினிக் திகதிக்கு முந்தின ஏழு நாள் மட்டும், ஒரு கொப்பித்தாளில் எழுதுங்கள். மாதக்கணக்கில் எழுதினால் நோயே முழுநேரத் தொழிலாகிவிடும், அதை யாரும் வாசிக்கவும் மாட்டார்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி. எத்தனை தரம் கக்கூசுக்குப் போனீர்கள் என்று எழுதும்போது வெறும் சளியோ இரத்தமோ மட்டும் போன தடவையையும் சேருங்கள். “மூண்டு நாலு தரம்” என்பவர்களில் பலர் மலம் போனதை மட்டும்தான் எண்ணுகிறார்கள். சேர்த்து எண்ணினால் ஏழு எட்டு வரும், டொக்டரின் முகம் உடனே மாறும். இரவு நித்திரையை முறித்துப் போனதைத் தனியாகக் குறியுங்கள். அழற்சி இல்லாத வெறும் குடல் முடுக்கம் ஆளை நித்திரையால் எழுப்புவது அருமை, ஆகவே இரவுக் கணக்குக்கு மதிப்புக் கூட. கடைசியாக, வந்தால் எத்தனை நிமிடம் தாங்கலாம் என்று எழுதுங்கள். 0 முதல் 10 வரை அவசரத்துக்கு ஒரு எண்ணும் கொடுக்கலாம். புதிய மருந்துகளைப் பரிசோதிக்கும் ஆய்வுகளில் இப்போது அப்படியும் அளக்கிறார்கள். 1998இல் வந்த இன்னொரு எளிய அளவுகோலில் அவசரத்துக்கு என்றே புள்ளி உண்டு: விரைந்து போகவேண்டும் என்றால் 1, அந்தக் கணமே போகவேண்டும் என்றால் 2, தவறிவிடுகிறது என்றால் 3. இரவு எழும்புவதற்கும் பொதுவான சுகத்துக்கும் அதில் இடம் உண்டு. மருத்துவர்களிடம் அளவுகோல் இல்லாமல் இல்லை, எல்லாக் கிளினிக்கிலும் அதைக் கையில் எடுப்பதில்லை.

தாளின் அடியில் ஒரு வரி: இந்த நோயால் இந்த மாதம் எதை விட்டீர்கள்? பெறாமகளின் கலியாணம், விடியச் சாப்பாடு, பிரத்தியேக வகுப்பு, எதுவாயினும். 2021இல் வந்த சர்வதேச வழிகாட்டலில் புண் ஆறுவதோடு ஆள் தன் வழமையான வாழ்வுக்குத் திரும்புவதும் சிகிச்சையின் இலக்காக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இது சிகிச்சையோடு சம்பந்தமில்லாத வீட்டுக்கதை என்று யாரும் தள்ள முடியாது. தாளை நீட்டும்போது முதல் வசனமாகவே சொல்லிவிடுங்கள்: “டொக்டர், எண்ணிக்கை குறைவுதான். ஆனா வந்தா ரெண்டு நிமிஷம் தாங்கேலாது. பஸ்ஸில ஏறப் பயமாய்க் கிடக்கு.” கதவைப் பிடித்துக்கொண்டு போகும்போது சொன்னால் அது கொப்பியில் ஏறாது. ஆட்கள் நிற்கச் சொல்ல முடியாவிட்டால் தாதியிடம் முதலே சொல்லித் தனியே கதைக்கக் கேட்கலாம். அது உங்கள் உரிமை. இதை வாசிக்கும் மருத்துவர் யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: “எத்தனை தரம்?” என்பதோடு “வந்தா எவ்வளவு நேரம் அடக்கலாம்?” என்றும் கேளுங்கள். அரை நிமிடம்தான் கூடச் செலவாகும்.

டொக்டர் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. உடம்பு சொல்வதும் குடலின் உள்நிலையும் எப்போதும் ஒத்துப்போகாது. ஒன்றுமே இல்லை என்று உணரும் ஆளுக்கும் உள்ளே புண் எரிந்துகொண்டு இருக்கலாம். சுகம் என்று குளிசையை நிறுத்துபவர்கள் மாட்டுப்படுவது இதில்தான். மறுபக்கம், புண் முழுதாய் ஆறிய பிறகும் அவசரமும் வயிற்றுக்குத்தும் மிஞ்சலாம். அப்படிப்பட்டவருக்கு ஸ்ரெரோயிட் கூட்டினால் எலும்பும் சீனியும்தான் பழுதாகும். இரண்டையும் பிரித்தறிய மலத்தில் செய்யும் கல்புரொடெக்ரின் சோதனை உதவும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் உள்ளே அமைதி, 250க்கு மேல் என்றால் அழற்சி இருக்கிறது என்று எடுப்பார்கள், இடையில் வந்தால் திரும்பச் செய்வார்கள். மாதிரி கொடுப்பதற்கு முந்தின நாட்களில் டைக்குளோபெனக், இபுபுரோபன் போட்டிருந்தால் எண் பொய்யாக ஏறும். இந்த வலிக்குளிசைகள் நோயையே கிளப்பிவிடவும் கூடும், மூட்டு நோவுக்கும் தலையிடிக்கும் பனடோல் போதும். நோய் மலக்குடலில் சிறிதளவே இருந்தால் கல்புரொடெக்ரின் ஏறாமலும் விடலாம், அப்போது சின்னக் கமராதான் தீர்ப்பு. புதிதாகக் கூடிய வயிற்றோட்டம் என்றால் அதற்கு முதல் கிருமித் தொற்று இல்லையென்று மலப் பரிசோதனையில் பார்க்கவேண்டும்.

உள்ளே அமைதி என்று உறுதியானால் வேறு வழி திறக்கும். பஸ் ஏற அரை மணித்தியாலத்துக்கு முதல் லோப்பரமைட் 2 மி.கி. ஒன்று, மலத்தைக் கட்டியாக்க இசப்கோல், அடக்கும் தசைக்கு இயன்மருத்துவரிடம் பயிற்சி. இரத்தம் போகும் காலத்தில் லோப்பரமைட்டைத் தொடவேண்டாம். கடும் அழற்சியில் அது குடலை ஊதச் செய்து உயிராபத்தைக் கொண்டுவரும். இப்போது உங்களுக்கு இரத்தம் போகிறது, ஆகவே இப்போது வேண்டாம்.

களைப்பை “எல்லாருக்கும் இருக்கிறதுதானே” என்று விடவேண்டாம். ஹீமோகுளோபின், ஃபெரிற்றின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது), பி12, தைரொயிட் பார்க்கக் கேளுங்கள். நோய் அடங்கியிருக்கும்போது ஃபெரிற்றின் 30க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு. அழற்சி இருக்கும்போது ஃபெரிற்றின் பொய்யாக உயர்ந்து நிற்கும், அப்போது 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைவு இருக்கலாம். “ஃபெரிற்றின் 60, நோர்மல்” என்று துண்டில் வந்தால் அதோடு விட்டுவிடவேண்டாம், சிஆர்பி எவ்வளவு என்றும் கேளுங்கள். இரும்புக் குளிசை நாளுக்கு ஒன்று போதும். 200 மி.கி. ஃபெரஸ் சல்பேற்றில் சுமார் 65 மி.கி. இரும்பு இருக்கிறது. மூன்று போட்டால் மிஞ்சுவது குடலில் நின்று கரைச்சல்தான் தரும். பிளேன்டீயை அதிலிருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்கினாலோ குளிசை ஒத்துவராவிட்டாலோ இரும்பை நாளத்தால் ஏற்றுவார்கள். மலம் கறுத்தால் பயப்படவேண்டாம், அது இரும்பு. இதெல்லாம் சரியாக இருந்தும் களைப்பு என்றால் நாலு மணிக்கு எழும்பும் நித்திரைக் கணக்கையும், மனச் சோர்வையும் பார்க்கவேண்டும்.

வெறுவயிற்றோடு வேலைக்குப் போவது உங்களை மெலியச் செய்யும், புண்ணை ஆற்றாது. சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசைவது இயற்கை, விடியலில் அது இன்னும் பலமாக இருக்கும். அந்த அசைவை உங்கள் பக்கம் திருப்பலாம். ஐந்து மணிக்கே இரண்டு இடியப்பமும் சொதியும், அல்லது கொஞ்சம் பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டு, அரை முக்கால் மணித்தியாலம் வீட்டில் இருந்து, போய்விட்டு வெளிக்கிடுங்கள். கோப்பி குடலை முடுக்கும், காலையில் தவிருங்கள். மிளகாய்த்தூள் புண்ணை உண்டாக்காது, இருக்கும் புண்ணை எரிக்கும். தூள் போட முதல் உங்களுக்கு ஒரு அகப்பை எடுத்து வெள்ளைக்கறியாக வைத்தால் போதும், தனிச் சமையல் தேவையில்லை. பால் ஒத்துக்கொள்கிறதா என்று இரண்டு கிழமை நிறுத்திப் பார்த்துத் திரும்பத் தொடங்குங்கள். வித்தியாசம் இல்லையென்றால் விடவேண்டாம், எலும்புக்குக் கல்சியம் வேண்டும். குரோன்ஸ் என்ற மற்ற வகை நோயில் சிறுகுடல் ஒடுங்கியவர்களுக்குத்தான் பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை போன்ற தும்புச் சாப்பாடு அடைப்பை உண்டாக்கும். உங்கள் நோய் அது இல்லை.

மாமியோடு சண்டை வேண்டாம், ஆனால் பேதி மருந்து கண்டிப்பாகக் கூடாது. புண்ணான குடலை இன்னும் கலக்கி நீரையும் உப்பையும் இழக்கச் செய்யும். வேறு கசாயம் குடித்தால் அதன் பெயரைக் கிளினிக்கில் சொல்லுங்கள். விரதத்தைப் பொறுத்தவரை இரத்தம் நின்றிருந்தால் ஒருநேரச் சாப்பாட்டோடு பிடிக்கலாம், தண்ணீரை நிறுத்தக்கூடாது. குளிசையை அந்த ஒருநேரத்தோடு போடுங்கள். சப்போசிற்றரி இந்த விரதத்தை முறிக்காது. ஐப்பசியில் இரத்தம் போய்க்கொண்டிருந்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள், முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்.

பள்ளிக்கூடத்தில் அதிபருக்கு மட்டும் தெரிந்தாற் போதும். “நாட்பட்ட குடல் நோய், தேவைப்படும்போது வகுப்பை விட்டுச் செல்ல வேண்டியிருக்கும்” என்று கிளினிக்கில் கடிதம் வாங்கலாம், விபரம் எழுதத் தேவையில்லை. மலசலகூடத்துக்குக் கிட்டிய வகுப்பறையும், பக்கத்து வகுப்பு ரீச்சர் ஒருவரோடு ஒரு சொல் ஒப்பந்தமும் உங்கள் அரைவாசிப் பயத்தைக் குறைக்கும். பையில் ஒரு உள்ளாடை, ஈரத் துடைதாள், ஒரு பொலித்தீன் பை.

கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிலை எது என்பது 1955இலேயே வரையறுக்கப்பட்டது, இன்றும் அதுதான் அளவு. நாளுக்கு ஆறு தரமோ கூடவோ இரத்தத்தோடு போய், அதோடு நாடி நிமிடத்துக்கு 90க்கு மேல், காய்ச்சல் 37.8 பாகை செல்சியசுக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனையான ஈஎஸ்ஆர் 30க்கு மேல் என்பவற்றில் ஒன்றாவது இருந்தால் போய்ப் படுக்கவேண்டும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்ரெரோயிட் குளிசையைத் தொடங்கிவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கவேண்டாம்.

இன்னும் ஒரு திகதி. புற்றுநோயைக் கண்காணிக்கும் கமரா, நோய்க்குறி தொடங்கி எட்டு வருடத்தில் ஆரம்பிக்க வேண்டும். கொப்பியில் நாலு வருடம் என்றுதான் இருக்கும். மூலம் என்று கழிந்த இரண்டையும் சேர்த்தால் உங்களுக்கு ஆறு. அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். மெசலசின் போடுபவர் என்பதால் வருடத்துக்கு ஒரு தரமாவது சிறுநீரகச் சோதனையும் செய்யவேண்டும்.

இன்றிரவு சப்போசிற்றரியைத் திரும்பத் தொடங்கி நாலு கிழமை விடாமல் வையுங்கள். உறையின் காலாவதித் திகதியை முதலில் பாருங்கள். நாலு கிழமை முடிந்தும் தாங்கும் நேரம் இரண்டு நிமிடத்திலேயே நின்றால், அந்தத் தாளோடு போய் “கமரா விட்டுப் பாருங்கோ, மருந்தை மாத்தலாமோ?” என்று கேளுங்கள்.